பாட்டும் பார்ட்டும்: மேடையில் வள்ளி திருமணம்



தலைப்பைப் பார்த்துவிட்டு நண்பர் ஒருவர், 'பார்ட்' என்பதை 'வேடம்' என்று மாற்றிக்கொள்ளலாமே என்றார். மாற்றியிருக்கலாம். ஆனால் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட் என்று நாடகக்காரர்கள் நூறாண்டுக்கு மேலாகப் புழங்கி வரும் சொல் அது. வேடம் முகத்தில் பூசிக்கொள்வது. விடிந்ததும் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தால் போய்விடும். பார்ட் தொண்டையில் இருப்பது. இன்றைய என் பேச்சு தொண்டையைப் பற்றியது.

1. ஒரு நோட்டீஸ்

நான் சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்துக்காரன். எங்கள் ஊர்ப் பங்குனிப் பொங்கலில் நாடகம் இல்லாத வருஷம் கிடையாது. பெரும்பாலும் வள்ளி திருமணம்தான். இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் கிழக்கு வெளுக்கும்போது மாலை மாற்றுவார்கள். அப்படி ஒரு நாடகத்தின் நோட்டீஸை என் அக்கா தன் டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்து வைத்திருந்தார். அதைத்தான் இன்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

ரோஸ் நிறத் தாள். நடுவில் மயில்மேல் முருகன். சுற்றிலும் சின்னச் சின்ன வட்டங்களுக்குள் நடிகர்களின் மார்பளவுப் படங்கள். முருகனுக்கு ஊர் மதுரை. வள்ளிக்குப் புதுக்கோட்டை. நாரதர் மணப்பாறை, பபூன் திண்டுக்கல், டான்ஸ் காரைக்குடி. இவர்கள் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை. இருக்கவும் முடியாது. நோட்டீஸ் அச்சானபோது இவர்களில் யார் யாரைப் பார்த்திருந்தார்களோ தெரியாது.

இதுதான் ஸ்பெஷல் நாடகம். நிலையான குழு இல்லை, இயக்குநர் இல்லை, ஒத்திகை இல்லை. ஊர்க் கமிட்டிக்காரர்கள் நாடக அமைப்பாளரைப் பார்த்து, முருகனுக்கு இன்னார், வள்ளிக்கு இன்னார் என்று ஆள் ஆளாகப் பேசி, ஆள் ஆளாக அட்வான்ஸ் கொடுப்பார்கள். இரவு பஸ்ஸை விட்டு இறங்கிவரும் வள்ளி, அரிதாரம் பூசுகிற கீற்றுக் கொட்டகையில்தான் அன்றைய முருகனுக்கு வணக்கம் சொல்வார். "அண்ணே, தர்க்கத்தை எதுல எடுக்குறீங்க?" என்று ஒரு கேள்வி. "வழக்கமா எடுக்குறதுதாம்மா" என்று ஒரு பதில். அவ்வளவுதான். விடியும்போது அவருக்கே கழுத்தை நீட்டிவிடுவார்.

மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தும் மேடையில் தடுமாறிய நாடகங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஒத்திகையே பார்க்காத இந்த நாடகம் மட்டும் விடிய விடிய எப்படி நிற்கிறது? பாட்டு நிறுத்துகிறது என்பதுதான் என் பதில். வள்ளி திருமணத்தில் பாட்டுதான் ஆளைத் தேர்ந்தெடுக்கிறது. அந்தப் பாட்டை ஏந்தத் தெரிந்தவருக்குப் பார்ட் கிடைக்கிறது. இது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஏந்தத் தெரிந்தவர் எல்லோரையும் ஊர் ஏந்தவிட்டதா என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் சேர்த்துப் பேசவே வந்திருக்கிறேன்.

2. மானைத் தேடி வந்தவன்

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். நற்றிணையின் 82ஆம் பாட்டிலேயே முருகனோடு வள்ளி வருகிறாள். கச்சியப்பர் கந்தபுராணத்தை வள்ளியம்மை திருமணப் படலத்தில்தான் நிறைவு செய்கிறார். தினைப்புனம், பரண், கவண், ஆலோலம். அங்கே வேடன் ஒருவன் வந்து, அம்பு பட்ட மான் இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்கிறான். அகப்பொருள் படித்தவர்கள் இதைக் 'கெடுதி வினாதல்' என்பார்கள். அவன் மானைத் தேடி வரவில்லை என்பது பரண்மேல் நிற்கிறவளுக்கும் தெரியும். மேடைக்கு முன்னால் சாக்கு விரித்து வெற்றிலை இடிக்கிற கிழவிக்கும் தெரியும்.

இந்தத் துறையை எடுத்துத் தர்க்கப் பாட்டாக ஆக்கியதுதான் இந்த நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளின் கெட்டிக்காரத்தனம். நாரதருக்கும் வள்ளிக்கும் ஒரு தர்க்கம். வேடனுக்கும் வள்ளிக்கும் ஒரு தர்க்கம். ஒருவர் ஒரு கண்ணி பாடிக் கேட்பார். மற்றவர் அதே மெட்டில் ஒரு கண்ணி பாடி மறுப்பார். கேள்வியின் கடைசிச் சொல் காதில் விழுந்ததும் பதிலின் முதற்சொல் நாக்குக்கு வந்துவிட வேண்டும். எதுகை அடுத்தவருக்கு அடியெடுத்துக் கொடுக்கும். தாளம் இருவரையும் ஒரே வண்டியில் பூட்டிவிடும். வசனம் மறந்தால் நடிகர் நடுமேடையில் தனியாக நிற்பார். பாட்டு மறந்தால் ஆர்மோனியக்காரர் அடுத்த சுரத்தைத் தொட்டுக் காட்டுவார். முன்பின் அறியாத இருவர் எட்டு மணி நேரம் கைகோத்து நடப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது.

பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களைப் புரட்டியிருப்பீர்கள். பாட்டுக்கு மேலே, இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்று போட்டிருக்கும். சுரம் இருக்காது. அந்த இன்னொரு பாட்டு உனக்குத் தெரிந்திருந்தால் இதைப் பாடு என்று அர்த்தம். புத்தகம் பாதியைத்தான் கொடுக்கிறது. மீதியைத் தொண்டையில் வைத்திருப்பவருக்கே அது திறக்கும். இவர்கள் 'பாடம்' என்று சொல்வது இந்த மீதியைத்தான். ஒரு நடிகரிடம் மற்றவர் கேட்கிற முதல் கேள்வியே, "என்னென்ன நாடகம் பாடம்?" என்பதுதான்.

சுருதி விஷயம் ஒன்று உண்டு. ஆண்கள் சாதாரணமாக ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் பாடுவார்கள். பெண்களுக்கு அது ஐந்து, ஐந்தரை. தர்க்கத்தில் ஒரே மெட்டை இருவரும் கண்ணிக்குக் கண்ணி மாற்றிப் பாட வேண்டும். நடுவில் சுருதியை மாற்றிக்கொண்டிருந்தால் சண்டையின் சூடு ஆறிப்போகும். ஆகவே ராஜபார்ட்காரர்தான் மேலே ஏறி வந்தாக வேண்டும். ராஜபார்ட்காரர்கள் உச்சத்தில் பாடியதற்கு மைக் இல்லாத காலம் என்பதைத்தான் எல்லோரும் காரணமாகச் சொல்கிறார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் வள்ளியோடு வழக்காட வேண்டுமானால் வள்ளி நிற்கிற படியில் போய் நிற்க வேண்டும் என்பதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

3. பத்து வயதில் முடிந்த ஒத்திகை

சுவாமிகள் 1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் இலக்கணம் படித்தவர். உப்பளத்தில் கணக்கெழுதிவிட்டு இருபத்து நான்காம் வயதில் நாடகத்துக்கு வந்தார். எமன், சனீஸ்வரன் போன்ற பார்ட்டுகளில் அவர் பார்ப்பவர்களை நடுங்க வைப்பார் என்று சொல்வார்கள். பிறகு அரிதாரத்தை விட்டுவிட்டு ஆசிரியரானார். நாற்பதுக்கு மேற்பட்ட நாடகங்கள் எழுதினார்.

பெரியவர்களை வைத்து நாடகம் நடத்துவது அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இஷ்டத்துக்கு வருவார்கள், இஷ்டத்துக்குப் பாடுவார்கள். சிறுவர்களைச் சேர்த்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் பயின்றது அங்கேதான். அபிமன்யு சுந்தரி நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்த கதையை, அந்தச் சகோதரர்களில் ஒருவரான டி.கே. சண்முகம் தம் நாடக வாழ்க்கை நினைவுகளில் பதிவு செய்திருக்கிறார். சிறுவன் சண்முகத்தை மனத்தில் வைத்துச் செய்த வேலை அது. ஆளைப் பார்த்துப் பாட்டுக் கட்டவும் அவருக்குத் தெரிந்திருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஆனால் கட்டிய பிறகு அது அந்த ஆளோடு நின்றுவிடாமல் அடுத்த பையனுக்குக் கைமாறியது.

கைமாறித்தான் ஆக வேண்டும். இப்படிப்பட்ட பாய்ஸ் கம்பெனியில் வள்ளியாக வருபவனும் பையன்தான். பதின்மூன்று, பதினான்கு வயதில் அவனுக்கு மகரக்கட்டு வந்துவிடும். நேற்றுவரை குயில், இன்று தகரம். மீசை அரும்பினால் மழித்துக்கொள்ளலாம். குரலை எதைக்கொண்டு மழிப்பது? அந்த நாளிலிருந்து வள்ளியின் பார்ட் அடுத்தவனுக்குப் போகும். குரல் திரும்பி வந்தால் இவன் ராஜபார்ட். வராவிட்டால் காமிக், சமையற்கட்டு, அல்லது ஊருக்கு ரயில். அந்தக் காலத்தில் ஒருவனுக்கு எந்தப் பார்ட் என்பதை முதலாளியும் வாத்தியாரும் மட்டும் முடிவு செய்யவில்லை. தொண்டையும் சேர்ந்து முடிவு செய்தது.

கடைசிக் காலத்தில் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கிப் பேச்சும் போயிற்று. 1922 நவம்பரில் புதுச்சேரியில் காலமானார். கம்பெனிகள் கலைந்தபோது நடிகர்கள் தங்கள் பாடத்தோடு ஊர் ஊராகச் சிதறினார்கள். எந்த ஊரில் எந்த வள்ளியோடு நிறுத்தினாலும் பாடக்கூடியவர்கள் அவர்கள். ஸ்பெஷல் நாடகம் செழித்தது அப்படித்தான். ஒத்திகை இல்லை என்று முதலில் சொன்னேன். அது பாதி உண்மை. ஒத்திகை பத்து வயதிலேயே முடிந்துவிட்டது.

4. கொழும்பு, 1926

பாடம் பொதுச்சொத்து. ஆனால் பாடுகிறவர் பெரிய ஆளாகிவிட்டால், பார்ட்டை அவரிடமிருந்து பிரித்துப் பார்க்க ஊரால் முடிவதில்லை. செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவும் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளும் 1926இல் கொழும்பில் சந்தித்தார்கள். அப்போது கிட்டப்பாவுக்கு இருபது வயது. சுந்தராம்பாள் கொழும்பு மேடையில் ஏற்கெனவே பெயர் வாங்கியிருந்தார். அவரோடு சேர்ந்து நடித்தால் உன் பெயர் அடிபட்டுப்போகும் என்று கிட்டப்பாவை யாரோ எச்சரித்ததாக ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, தர்க்கப் பாட்டின் இயல்புக்குப் பொருத்தமான கதை. அங்கே ராஜபார்ட்டுக்குத் தனி மேடை கிடையாது. வள்ளி ஒரு கண்ணியில் கைதட்டலை வாங்கிக்கொண்டு போய்விடலாம்.

அவர்கள் ஜோடியாக நடித்த வள்ளி திருமணத்துக்குக் கூட்டம் திரண்டது. கிட்டப்பாவின் அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம். ஐந்து கட்டையில் மைக் இல்லாமல் கொட்டகையின் கடைசி வரிசைவரை கேட்ட குரல் கிட்டப்பாவுடையது. தியாகராஜரின் கீர்த்தனையையும் நாடகத்துக்குள் பாடுவார். கேட்க வந்தவர்கள் கதை எங்கே போயிற்று என்று கவலைப்பட்டதில்லை. 1927இல் இருவரும் மணம் செய்துகொண்டார்கள். 1933 டிசம்பரில் கிட்டப்பா காலமானார். வயது இருபத்தேழு.

சுந்தராம்பாள் வெள்ளைப் புடவை உடுத்தினார். ஆண்களோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று இருந்தார். 1935இல் அவர் திரும்பி வந்தபோது எடுத்துக்கொண்ட பார்ட் எது? படத்தில் நந்தனார். ஆண் வேடம். எதிரே வேதியராக மகாராஜபுரம் விசுவநாத ஐயர். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். கணவனை இழந்த பெண் மேடையில் யாராக நிற்கலாம் என்ற கேள்விக்கு ஊர் வைத்திருந்த பதில்கள் குறைவு. நந்தனாரின் பாட்டு அவருக்கு வழி விட்டது. பையன் வள்ளியாக நின்ற மேடை மரபில் பெண் நந்தனாராக நின்றதில் அதிசயம் இல்லை. தொண்டைக்கு அங்கே ஆண் பெண் கணக்கு என்றுமே கறாராக இருந்ததில்லை.

5. மறுக்கப்பட்ட ஜோடி

சாதிக் கணக்கு கறாராகவே இருந்தது. திருமங்கலத்தில் வாழ்ந்த நாடக நடிகர் விசுவநாததாஸ் சிவகாசியில் 1886இல் பிறந்தவர். சவரத் தொழில் செய்யும் மருத்துவர் சமூகத்தைச் சேர்ந்தவர். குரலில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அவருக்கு ஜோடியாக நிற்க நடிகைகள் சிலர் மறுத்தார்கள். பாடம் முழுவதும் இருக்கிறது, சுருதி நிற்கிறது, கூட்டம் காத்திருக்கிறது. வள்ளி வர மறுக்கிறாள். குறத்தியை மணக்க ஒரு கடவுள் வேடனாகவும் கிழவனாகவும் இறங்கி வருகிற கதையில் இது நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். மேடையில் பாடுகிற பொருள் ஒன்று, கொட்டகைக்குப் பின்னால் நடக்கிற பேரம் ஒன்று.

தாஸ் பாட்டைக்கொண்டே பதில் சொன்னார். தினைப்புனத்தில் பறவை ஓட்டுகிற இடம் வருகிறது. கிளியும் குருவியும் வரவேண்டிய அந்த இடத்தில் அவர் வெள்ளைக் கொக்கைப் பறக்கவிட்டார். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டு. எந்த வெள்ளை, எந்தக் கொக்கு என்று குழந்தைக்குக்கூடப் புரிந்தது. மேடை ஓரம் நின்ற போலீசாருக்கும் புரிந்தது. பலமுறை கைது, பலமுறை சிறை. நாடகத்தில் பாடுவதற்கென்று எழுதியிருந்த இடத்தை அவர் மாற்றவில்லை. ஆலோலம் பாடும் இடத்தில் ஆலோலம்தான் பாடினார்; எந்தப் பறவை என்பதை மட்டும் தம் கையில் எடுத்துக்கொண்டார். ஸ்பெஷல் நாடகம் நடிகருக்குக் கொடுக்கிற சுதந்திரத்தின் அளவு இது. சட்டம் அப்படியே இருக்கும். உள்ளே படத்தை மாற்றிக்கொள்ளலாம்.

1940 டிசம்பர் 31. சென்னை ராயல் தியேட்டர். கடனும் நோயும் சேர்ந்து அழுத்திய நேரம். வள்ளி திருமணத்தில் முருகனாக மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே தாஸின் உயிர் பிரிந்தது.  

6. குரல் வேறு, முகம் வேறு

சினிமா இந்தக் கணக்கை வேறு விதமாகப் போட்டது. 1933இல் சாமிக்கண்ணு வின்சென்ட் கல்கத்தா கம்பெனியோடு சேர்ந்து எடுத்த வள்ளி திருமணத்தில் டி.பி. ராஜலட்சுமி வள்ளி. நடிப்பவரே பாட வேண்டிய காலம் அது. 1945இல் ஏவி. மெய்யப்பன் எடுத்த ஸ்ரீவள்ளியில் முருகன் டி.ஆர். மகாலிங்கம். சோழவந்தான் பக்கத்துத் தென்கரைக்காரர். கிட்டப்பாவின் பாணியில் உச்சத்தில் பாடுபவர். சுவாமிகளின் 'காயாத கானகத்தே' பாட்டு அவர் குரலில் நாடெங்கும் ஒலித்தது. வள்ளியாக நடித்த குமாரி ருக்மணியின் பாட்டுகள் போதவில்லை என்று தோன்றியதும், அவருடைய குரலை எடுத்துவிட்டு பி.ஏ. பெரியநாயகியின் குரலைப் பொருத்தினார்கள்.

மேடையில் இது நடக்காது. அங்கே பாடத் தெரியாதவர் வள்ளியே அல்லர். படத்தில் முகத்துக்கு ஒருவர், தொண்டைக்கு ஒருவர் என்று வள்ளியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று ஆயிற்று. யாருக்கும் அநியாயம் நடந்ததாக நான் சொல்ல வரவில்லை. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் பாட்டும் பார்ட்டும் இரண்டு தொழில்களாகிவிட்டன. இரண்டும் ஒன்றாகவே இருக்கிற இடம் இன்று ஊர்ப்பொட்டலில் போட்ட அந்தக் கீற்றுப் பந்தல்தான்.

7. இனிச் செய்ய வேண்டியது

இன்றைக்கும் வள்ளி திருமணம் நடக்கிறது. மதுரையில் நடிகர்கள் சுவாமிகளுக்குக் குருபூஜை எடுக்கிறார்கள். ஆனால் தர்க்கம் சுருங்கிவிட்டது. பபூன், டான்ஸ் பகுதி நீண்டுவிட்டது. சினிமா மெட்டு நிறைய நுழைந்திருக்கிறது. இதைக் கெட்டுப்போனது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வர்ணமெட்டு என்பதே அந்தக் காலத்துப் பிரபலமான மெட்டைக் கடன் வாங்குவதுதானே? என் கவலை வேறு. கண்ணிக்குக் கண்ணி பதில் சொல்லத் தெரிந்த இருவர் மேடையில் எதிரெதிரே நிற்பது குறைந்துகொண்டே வருகிறது.

பல்கலைக்கழகங்கள் சுவாமிகளின் நாடகங்களைப் பதிப்பிக்கின்றன. நல்லது. ஆனால் அது பாதிப் புத்தகம் என்று முன்பே சொன்னேன். மூத்த நடிகர்களை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து, ஆர்மோனியத்தோடு, தர்க்கம் முழுவதையும் ஒலிப்பதிவு செய்ய வேண்டும். ஒரே நடிகை மூன்று வேறு முருகன்களோடு பாடுவதைப் பதிவு செய்தால் எது பாடம், எது அவருடைய சொந்தச் சரக்கு என்பது தெரிந்துவிடும். ஆய்வு மாணவர்கள் யாராவது இதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முடிக்கும் முன், இந்த நோட்டீஸை வைத்திருந்த என் அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை. அவருக்கு எழுபத்தெட்டு வயது. பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது தாண்டவில்லை. பங்குனிதோறும் பந்தலில் உட்கார்ந்து கேட்டே வள்ளியின் பாட்டு அத்தனையையும் பாடம் செய்துவிட்டார். நெல் குத்தும்போது பாடுவார். "கூத்தாடி மாதிரி என்னடி பாட்டு" என்று எங்கள் அப்பத்தா உலக்கையைப் பிடுங்குவார்.

போன வாரம் இந்தப் பேச்சுக்காக நோட்டீஸைக் கேட்கப் போனேன். பேச்சுவாக்கில், எனக்குத் தெரிந்த அரைகுறைச் சுருதியில், நாரதரின் கண்ணி ஒன்றைப் பாடினேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. நான் முடித்த எதுகையை அப்படியே பிடித்து வள்ளியின் பதிலைப் பாடினார். அடுத்ததை நான் பாட வேண்டும். எனக்குத் தெரியவில்லை. அவர் சற்று நேரம் காத்திருந்தார். பிறகு நாரதரின் கண்ணியையும் அவரே பாடி, அதற்கும் பதில் சொல்லிக்கொண்டார்.

பார்ட் அவரிடம் இருந்தது. இந்தத் தாளில் அவருக்கு ஒரு வட்டம் இல்லை, அவ்வளவுதான். தாளைப் பத்திரமாகத் திருப்பித் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.